பெட்டி மேல் விழுந்த பழி

கிழிந்த பனியன் துணியை நான்காக மடித்து, கம்ப்யூட்டர் திரையின் நெற்றியிலிருந்து ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு இரண்டு கன்னங்களுக்கும், கடைசியாகத் தாடைக்கும். சாப்பிட்டு முடித்த குழந்தைக்கு வாய் துடைத்துவிடுவது போலிருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது செத்துடுச்சு. நான் சொல்றேன், நம்புங்க."

"அவசரப்பட்டு அழ ஆரம்பிச்சிடாதீங்க. ஒருதரம் அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?"

"போட்டாச்சு."

"நீங்க போட்டது வேற. நான் போடறது வேற."

முழங்கால்களை ஒவ்வொன்றாகக் கெஞ்சி மடக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது, கொஞ்சம் தூசி வந்தது, அப்புறம் அவர் வந்தார். பெட்டியின் முதுகில் இருந்த கம்பியைக் கணக்குப் பிரிவுக்காரரின் கால்தான் ஆட்டி ஆட்டிக் கழற்றியிருந்தது. அதைச் செருகிவிட்டுத்தான் வந்திருந்தார். குனிந்து பெட்டியின் தலையை இரண்டு தட்டு தட்டினார்.

"பாவம், வாயில்லாத ஜீவன். மிதிச்சது நீங்க, பழி அதுக்கு."

அந்தப் பார்சல் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்வது பெட்டியைத் தட்டிய இவர் வேலை. ஐம்பதைத் தாண்டிவிட்டார். சம்பளச் சீட்டில் இவருக்கு வாய் நிறைய ஒரு பதவிப் பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் இவர் 'ரீஸ்டார்ட் அண்ணன்'. எந்த நோய்க்கும் முதல் மருந்தாக அணைத்துப் போடச் சொல்வதால் வந்த பேர். வீட்டில் வாசல் அறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிற இவர் மனைவிக்கும் இந்தப் பேர் தெரியும். "ஊர்ல இருக்கிற பெட்டியெல்லாம் அணைச்சு அணைச்சே வீட்டுக்கு வர்றப்போ கை ஓஞ்சு போயிடுது," என்பாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். இவர் காதில் விழாத மாதிரி செருப்பைக் கழற்றுவார்.

சட்டைப் பையில் இன்னொரு பொருள் வைத்திருப்பார். 'பழுது' என்று அச்சடித்த சிவப்புச் சீட்டுச் சுருள். அந்தச் சீட்டு ஒட்டிய பெட்டிக்கு அலுவலகத்தின் எந்தப் பொது மாற்றமும் போகாது. அதன் அமைப்பில் வேறு யாரும் கை வைக்கவும் கூடாது; அதில் வேலை தாமதமானால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். கஞ்சனின் கைக் காசு மாதிரி அந்தச் சுருள் குறையவே குறையாது. ஆட்கள் கெஞ்சுவார்கள். வேலை மலைபோல் குவிந்திருக்கும் நாட்களில், "அண்ணே, ஒரு சீட்டு ஒட்டிவிடுங்க, இன்னிக்கு ஒருநாள் தப்பிச்சுக்கறேன்," என்று காதோரம் வந்து பேசுவார்கள்.

"மெஷின் மேல பொய்ப் பழி போட மாட்டேன்," என்பார். "அதால எதிர்த்துப் பேச முடியாது பாருங்க."

ஆட்களின் முகத்தைவிட அவர்களுடைய திரையின் முகப்பே இவருக்கு நன்றாக நினைவிருக்கும். அனுப்புப் பிரிவுத் தம்பி தன் மகள் படத்தைத் திரை முழுக்க வைத்து, ஒரு சின்ன ஐகான் சித்திரம்கூட அவள் கன்னத்தில் விழாதபடி எல்லாவற்றையும் ஓரத்தில் சுவர்போல அடுக்கியிருந்தான். வரவேற்பறைப் பெண் கட்டப் போகிற வீட்டின் வரைபடத்தை வைத்திருந்தாள். கட்டப் போகிறாள், கட்டப் போகிறாள், வரைபடம்தான் நிறம் மங்கிக்கொண்டு வந்தது. கணக்குப் பிரிவுக்காரரின் திரையில் பின்னால் என்ன படம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்; அவ்வளவு கோப்புகள் சிதறிக் கிடக்கும். கல்யாணமாகாத ஒருவர் திங்கட்கிழமைதோறும் கடற்கரையை மாற்றுவார். ஒரு கடற்கரைக்கும் போனதில்லை.

பதிவுப் பிரிவில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் திரையில் படமே கிடையாது. பளீரென்று ஒரே மஞ்சள். அதில் கட்டைவிரல் அளவுக்குக் கன்னங்கரிய அம்புக்குறி. எழுத்துகளும் சித்திரங்களும் கொட்டை கொட்டையாக இருக்கும். "அக்கா திரையில எலுமிச்சம்பழம் பிழிஞ்சுட்டாங்க," என்று கேலி செய்வார்கள். 'மஞ்சள் அக்கா' என்று பேரே ஆகிவிட்டது. அந்த அக்காவும் சிரித்துக்கொண்டு, "எனக்கு அலங்காரப் பைத்தியம் கொஞ்சம் ஜாஸ்திப்பா," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். பார்சலோடு வரும், கையால் எழுதிய சீட்டைப் படித்து, பட்டியலில் சரியான ஊரைத் தேர்ந்து பதிவு செய்வது அவர் வேலை. அவர் பதிந்து ஒரு பார்சல் தவறிப்போனது என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

புதிதாக வந்த மேலாளர் மேடம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். பெரிய வாடிக்கையாளர்கள் சிலர் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, ஒரு திரையில் குழந்தை, ஒரு திரையில் கடல், ஒரு திரையில் மஞ்சள் என்று பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்களாம். மேடத்துக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

"ஒரே கம்பெனி. உள்ள வந்தா சந்தைக்குள்ள வந்த மாதிரி இருக்கு. எல்லாத்துக்கும் நீலம், நடுவுல நம்ம முத்திரை, எழுத்து எல்லாம் ஒரே அளவு. யாரும் மாத்த முடியாதபடி பூட்டிடுங்க."

இவருக்கு அதில் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. எத்தனையோ வருஷத்தில் முழங்கால் மடக்காமல் செய்யக் கிடைத்த முதல் வேலை. வெள்ளிக்கிழமை மாலை தன் இடத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பட்டனை அமுக்கினார். அவ்வளவுதான். மாடி முழுவதும் மகள்களும் கடல்களும் கட்டாத வீடுகளும் ஒரே நேரத்தில் நீலத்துக்குள் முங்கிப் போயின. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

திங்கட்கிழமை வந்தபோது இவர் மேசையைச் சுற்றிக் கூட்டம்.

"அண்ணே, என் மக மூஞ்சியில கம்பெனி முத்திரையைக் குத்திட்டீங்களே, நியாயமா?"

"படம் பத்திரமா உள்ள இருக்குப்பா. முகப்புலதான் இல்ல."

"உள்ள இருக்கிறதை வச்சு நான் என்ன பண்றது? நிமிர்ந்தா தெரியணும்ல?"

வரவேற்பறைப் பெண், "அந்த வீட்டையும் இடிச்சுட்டீங்களா," என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். கடற்கரைக்காரர் ஒரு வாரம் பேசவில்லை. "நான் ஒரே ஒரு பட்டன்தானய்யா அமுக்கினேன்," என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி இவருக்கு வாய் வறண்டது. உத்தரவு போட்டவரைத் திட்ட யாருக்கும் தைரியமில்லை. அமுக்கிய விரலைத் திட்டுவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது.

அலங்காரப் பைத்தியம் என்று பேரெடுத்த மஞ்சள் அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். மஞ்சளைப் பற்றி அல்ல. "தம்பி, இந்த மவுஸ் சரியில்ல. வேற ஒண்ணு போட்டுத் தர்றியா?"

போட்டுத் தந்தார். மறுநாளும் அதே புகார். அதையும் மாற்றினார். மூன்றாவது தடவை போனபோது சற்று நேரம் பின்னால் நின்று பார்த்தார். அக்கா சீட்டைக் கையிலெடுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஊர்ப் பெயரைச் சரளமாகப் படித்தார். பிறகு மவுஸைப் பிடித்துப் பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம். அரிசியில் கல் பொறுக்குகிறவள் முறத்தைச் சுற்றுவது போல, மறுபடியும் ஒன்று. அப்புறம்தான் ஏதோ ஓரிடத்தில் அமுக்கினார்.

"என்னக்கா, கோலம் போடறீங்க?"

"கை வலிப்பா. சுத்தினா கொஞ்சம் இதமா இருக்கு."

இவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் பார்சல்கள் வழிதவறத் தொடங்கின. ஒரு ஊரில் ஒருவர் காத்திருந்த செயற்கைக் கால் வேறொரு ஊரில் போய் இறங்கியது. ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு, கல்யாணம் முடிந்து பெண் புகுந்த வீடு போன பிறகு வந்து சேர்ந்தது. எல்லாமே ஜன்னலோர இருக்கையில் பதிந்தவை. பட்டியலில் சரியான ஊருக்கு ஒரு வரி மேலேயோ கீழேயோ இருந்த ஊர்கள்.

அடுத்த வாரக் கடைசியில் மேடம் இவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஆறிப்போன டீ இருந்தது. அவர் கண்ணுக்குக் கீழும் கறுத்திருந்தது.

"அந்தம்மாவோட மெஷின்ல ஏதாவது கோளாறா, இல்ல அவங்ககிட்டயே கோளாறா? மெஷின்னா சரி பண்ணிக்கலாம். அவங்கன்னா நான் வேற முடிவு எடுக்கணும். நீங்க சொன்னா நம்புவேன். மெஷின் விஷயத்துல நீங்க பொய் பேச மாட்டீங்கன்னு இந்த மாடியே சொல்லுது."

"பார்த்துட்டு திங்கக்கிழமை சொல்றேன் மேடம்."

பார்த்துவிட்டார். தன் இடத்திலிருந்தே பெட்டியின் உள்ளும் புறமும் சோதித்தார். குழந்தைமாதிரி இருந்தது அது. ஒரு குறை இல்லை. ஆகவே பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: மெஷின் இல்லை மேடம், ஆள்தான். உண்மையும் அதுதான். ஆனாலும் வெள்ளிக்கிழமை படியிறங்கும்போது அந்தப் பதில் செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசல் அறையில் வெயில் விழுந்திருந்தது. மனைவி மடியில் பாதி தைத்த ரவிக்கையை வைத்துக்கொண்டு ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தினாள், முறுக்கினாள், குறி பார்த்தாள். நூல் ஊசியைத் தாண்டிப் போனது.

"இப்ப வர்ற நூல் எதுவுமே சரியில்ல. பிரி பிரியாப் போகுது," என்று சுருளைத் தூக்கி ஓரமாக எறிந்தாள். அங்கே ஏற்கெனவே இரண்டு சுருள்கள் கிடந்தன.

இவர் ஊசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தார். "நூல் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கும் இருக்கும். உங்க கைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அவ்வளவு சின்னக் கேள்விக்கு அவ்வளவு கோபம் வேண்டியதில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தரிக்கோல் அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே துணி மடிப்பில் கிடந்தது. அவள் கை அதைத் தேடிற்று. துணியின்மேல் ஒரு வட்டம், இன்னொரு வட்டம். விரல் தட்டிய பிறகுதான் எடுத்தாள்.

இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நூல் சரியில்ல. மவுஸ் சரியில்ல. தான் அந்த வெள்ளிக்கிழமை மாலை அமுக்கியது என்ன பட்டன் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"நாளைக்குச் சாயங்காலம் கண் டாக்டர்கிட்ட போயிட்டு வரலாம்," என்றார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். நீ துணைக்கு வா."

அவள் எறிந்த சுருளை எடுத்துத் தூசி தட்டிப் பெட்டியில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, டீ போடும் மூலையில் மஞ்சள் அக்கா தனியாக நின்றிருந்தார். இவர் பக்கத்தில் போய்த் தன் டம்ளரை வைத்தார்.

"அக்கா, நான் ரெண்டு தடவை மாத்துன மவுஸும் நல்ல மவுஸு."

அக்கா டம்ளரைச் சுற்றி இரண்டு கையையும் பொத்திக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.

பிறகு தணிந்த குரலில், கணக்கு ஒப்புவிப்பது போலச் சொன்னார். "படிக்கிறதெல்லாம் படிச்சிடுவேன் தம்பி. தேடத்தான் முடியல. நேரா பார்க்கிறது தெரியுது. ஓரமெல்லாம் இருட்டிக்கிட்டு வருது. போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொல்லிட்டார். சொட்டு மருந்து விட்டுக்கறேன். மஞ்சள்ல அந்தக் கறுப்பு அம்பு ஆனை மாதிரி நிக்கும். இப்ப நீலத்துக்குள்ள அது ஒரு கொசு. நான் அதைத் துரத்திக்கிட்டே இருக்கேன்."

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல? எல்லாரும் வந்து சண்டை போட்டாங்களே."

"அவங்க பொண்ணைக் கேட்டாங்க, கடலைக் கேட்டாங்க. கேட்டா சிரிச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லிடலாம். நான் அம்பைக் கேட்டா, எதுக்குன்னு ஒரு கேள்வி வரும்ல?"

அந்தக் கேள்விக்குப் பிறகு என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும். சரக்குப் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவர், கண் கொஞ்சம் மங்குது என்று ஒருநாள் வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தார். அந்த மாதக் கடைசியிலேயே பூச்செண்டு கொடுத்து, கை குலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மக நர்ஸ் படிப்பு முடிக்க இன்னும் ஒரு வருஷம்," என்றார் அக்கா. "அவ ஒரு வேலையில உட்கார்ற வரைக்கும் எனக்கு அந்த நாற்காலி வேணும். அப்புறம் நானே எந்திரிச்சுப் போயிடுவேன். பூச்செண்டெல்லாம் வேணாம்." டீயை ஒரு வாய் குடித்தார். "மேடம் உன்கிட்ட கேட்டிருக்காங்கன்னு தெரியும். உனக்குச் சங்கடம் வேணாம். உள்ளதைச் சொல்லிடு. மெஷின் மேல பழி போடற ஆள் நீ இல்ல. நானும் உன்னை அப்படி ஆக்க மாட்டேன்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சுவரோரமாக விரலை ஓட்டிக்கொண்டு நடந்து போனார். இத்தனை வருஷமாக அவர் அப்படித்தான் நடக்கிறார். தூசி இருக்கிறதா என்று பார்க்கிறார் போல என்று இவர் நினைத்திருந்தார்.

மத்தியானம் மேடம் தானே ஜன்னலோர இருக்கைக்கு வந்தார். பதிவுப் பிரிவில் விசைகளின் சத்தம் மெல்ல மெல்ல நின்றது. அக்கா எழுந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்துட்டீங்களா?" என்று மேடம் இவரிடம் கேட்டார்.

"இன்னொரு தடவை பார்த்துடறேன் மேடம்."

பனியன் துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். நெற்றி, கன்னம், தாடை. முழங்கால்களை மடக்கி மேசைக்கு அடியில் போனார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பெட்டி மெதுவாக, ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெளியே நான்கு செருப்புக் கால்கள் தெரிந்தன. மேடத்தின் கால்கள் சும்மா நின்றன. அக்காவின் இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது. இவர் கொஞ்ச நேரம் அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். அசதியாக இருந்தது. அப்படியே அங்கேயே படுத்துவிடலாம் போலவும் இருந்தது.

முழங்கால் சொடுக்கு விட வெளியே வந்து நிமிர்ந்தார்.

"மெஷின்தான் மேடம்."

கணக்குப் பிரிவுக்காரர் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மெஷினா?" என்றார் மேடம். "நீங்க மெஷினைக் குத்தம் சொல்லவே மாட்டீங்கன்னாங்களே."

"சொன்னதில்லதான். இதுக்கு வயசாயிடுச்சு மேடம், எங்களை மாதிரி. படத்தைத் திரைக்கு அனுப்புற பாகம் தேஞ்சு போச்சு. அந்த நீலத்தையும் சின்ன எழுத்தையும் தாங்க மாட்டேங்குது. அம்பு ஒரு இடத்துல நின்னா அமுக்கறது இன்னொரு இடத்துல விழுது. பழையபடி பளிச்சுனு ஒரே நிறம், பெரிய அம்பு வச்சா ஓடும். புதுப் பெட்டி கேட்டு எழுதிப் போடறேன். வர்றப்போ வரும்."

மேடம் திரையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். நாற்காலி முதுகைப் பற்றியிருந்த அக்காவின் விரல்களைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

"பழையபடி வச்சா தப்பு வராதே?"

அக்கா முந்திக்கொண்டார். "வராது மேடம். முன்னாடி வந்ததில்ல."

"அப்ப சீட்டை ஒட்டிடுங்க," என்று சொல்லிவிட்டு மேடம் திரும்பி நடந்தார். போகிற வழியில் அனுப்புப் பிரிவுத் தம்பியின் நீலத் திரை முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார்.

இவர் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து பூட்டைத் திறந்தார். நீலம் போயிற்று. மஞ்சள் வந்தது. எழுத்துகள் கொட்டை கொட்டையாக விரிந்தன. அம்பை முடிந்த மட்டும் பெரிதாக்கி, கறுப்பாக்கி, நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம்பி..." என்று அக்கா தொடங்கினார்.

"பேச்சே வேணாம். ஒருதரம் அணைச்சுப் போடுங்க."

அக்கா அணைத்துப் போட்டார். திரை இருண்டு, மறுபடி மஞ்சளாக மலர்ந்தது. முதல் சீட்டைக் கையிலெடுத்து, கண்ணாடியை ஏற்றி, ஊரைப் படித்தார். மவுஸைப் பிடித்தார். வட்டம் எதுவும் இல்லை. அம்பு நேராகப் போய் ஊரின்மேல் நின்றது. பிரிவு முழுவதும் விசைச் சத்தம் மீண்டும் எழுந்தது.

இவர் மறுபடியும் முழங்கால்களை மடக்கிக் கீழே இறங்கினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சுருளை எடுத்து, நகத்தால் ஓரம் பிரித்து, ஒரு சீட்டைக் கிழித்தார். நெடுநாள் பையிலேயே கிடந்ததால் பசை காய்ந்திருந்தது. நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, ஒரு குறையும் இல்லாத அந்தப் பெட்டியின் நெற்றியில் 'பழுது' என்று ஒட்டினார். ஓரம் எழும்பாமல் கட்டைவிரலால் நீவிவிட்டார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, பனியன் துணியை நான்காக மடித்து, அதன் தலையை மெல்ல ஒருமுறை துடைத்துவிட்டார்.